காய்க்குத் தனிச் சாப்பாடு

"செடி தளதளன்னு இருந்துச்சு, பூவும் கொள்ளையாப் பூத்துச்சு. பிடுங்கிப் பார்த்தா அத்தனையும் பொக்கு." தோட்டத்தில் வேர்க்கடலை போட்ட தோழி ஒருத்தி அனுப்பிய குரல்செய்தி இது. கூடவே ஒரு படம். ஓடு நல்ல பெரிய ஓடுதான், வரி வரியாகப் பார்க்க அழகாகவும் இருக்கிறது. உடைத்தால் உள்ளே பருப்பு இருக்க வேண்டிய இடத்தில் சுருங்கிப்போன ஒரு தோல். "இன்னும் கொஞ்சம் மண்புழு உரம் போட்டிருக்கணுமோ?" என்று கேட்டிருந்தாள்.

வேண்டியதில்லை. இலையைப் பார்த்தாலே தெரிகிறது, செடி பட்டினி கிடக்கவில்லை. காய்தான் பட்டினி கிடந்திருக்கிறது. கத்தரிக்கோ வெண்டைக்கோ வேரடியில் எதைப் போட்டாலும் வேர் உறிஞ்சி மேலே அனுப்பி, அது காய்க்கும் போய்ச் சேர்ந்துவிடும். கடலையில் ஒரு சத்து மட்டும் அந்த வழியில் காய்க்குப் போதுமான அளவு வந்து சேராது. அதைக் காயே தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். அதுதான் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம். வீட்டுத் தோட்டத்தில் கடலை போட்டு ஏமாந்தவர்களில் நிறையப் பேர் தடுக்கி விழுகிற இடம் இது. அதனால் விதை, தொட்டி சமாச்சாரத்தைப் பிறகு வைத்துக்கொண்டு நேராகப் பூவுக்கும், அது வாடிய பிறகு மண்ணுக்குள் இறங்குகிற விழுதுக்கும் போகிறேன்.

கடலைப் பூவைப் பார்க்க வேண்டுமென்றால் காலையிலேயே போய்விட வேண்டும். விடிகிற நேரத்தில் மஞ்சளாக விரியும்; வெயில் ஏற ஏறத் துவண்டு அன்றைக்கே வாடிவிடும். விதைத்து ஒரு மாதம் போல ஆகும்போது முதல் பூ தெரியும், பிறகு வாரக்கணக்கில் தினமும் புதிது புதிதாக வரும். குனிந்து பார்த்தால் ஒரு வேடிக்கை. பூவைத் தாங்கிக்கொண்டு மெல்லிசாக ஒரு காம்பு நிற்கும். காம்பு என்று நாம் நினைக்கிறோம், அது காம்பே இல்லை, குழல். சூலகம் அந்தக் குழலின் அடியில், இலைக்கணுவில், கண்ணுக்குப் படாமல் உட்கார்ந்திருக்கிறது. மகரந்தச் சேர்க்கையும் பெரும்பாலும் பூ தனக்குள்ளேயே முடித்துக்கொள்ளும். தேனீ வரவில்லையே என்று மாடித் தோட்டக்காரர்கள் பூசணிக்குக் கவலைப்படுகிற மாதிரி இதற்குக் கவலைப்பட வேண்டாம்.

பூ வாடிய பிறகுதான் கதையே. ஒரு வாரம் போனால் அதே கணுவிலிருந்து ஒரு முனை எட்டிப் பார்க்கும். பச்சையாகவோ ஊதாச் சாயலாகவோ, நுனி கூராக, கீழ்நோக்கி இறங்கும். இதுதான் விழுது. நுனிக்குச் சற்றுப் பின்னால்தான் சூலகம் இருக்கிறது. கருவுற்ற வித்துகளைச் சுமந்துகொண்டு மண்ணைத் தேடிப் போகிறது. அந்தக் கரு இப்போதைக்கு வளர்ச்சியை நிறுத்திவைத்திருக்கும். மண்ணுக்குள் போய், இருட்டும் ஈரமும் மண் அழுத்துகிற அழுத்தமும் கிடைத்த பிறகுதான் மறுபடி வளரத் தொடங்கும். நுனி நேராக இறங்குவதை நிறுத்திப் படுக்கைவாட்டில் திரும்பும், பிறகு பருக்கும்.

இதை என் பையன் நம்பவில்லை. "மண்ணுல படலைன்னா காய் வெளியிலயே தொங்குமாம்மா?" என்றான். நல்ல கேள்வி. பார்த்துவிடுவோமே என்று, இறங்கிக்கொண்டிருந்த ஒரு விழுதின் கீழே மருந்துக் குப்பி ஒன்றை வைத்து, விழுதை அதற்குள் விட்டோம். மண் இல்லை, வெளிச்சம் உண்டு. பக்கத்தில் இன்னொரு விழுதுக்கும் அதே மாதிரிக் குப்பி. அதில் ஈர மண், வெளியே கறுப்புத் துணி சுற்றியது. வெறும் குப்பிக்குள் போன விழுது நீண்டுகொண்டே போய்க் கடைசியில் நுனி காய்ந்தது; பருக்கவே இல்லை. துணி சுற்றியதை அவிழ்த்தபோது கண்ணாடியை ஒட்டி வெள்ளையாக ஒரு பிஞ்சு. அதன் மேல் மெல்லிய ரோமம் போலப் படர்ந்திருந்ததை அவன்தான் முதலில் பார்த்தான். "காய்க்கு வேர் முளைச்சிருக்கு!"

அது வேர் இல்லை. ஆனால் பார்க்கிற வேலை ஏறக்குறைய அதுதான். மண்ணுக்குள் இருக்கிற விழுதும் பிஞ்சும் தோல் வழியாகவே தண்ணீரையும் சத்தையும் இழுத்துக்கொள்கின்றன. செடிக்குள் கால்சியம் தண்ணீரோடு சேர்ந்துதான் மேலே ஏறும். எங்கே நீர் ஆவியாகிப் போகிறதோ அங்கே, முக்கியமாக இலைக்கு, அது போய்ச் சேரும். ஒருமுறை இலையில் தங்கிவிட்டால் சர்க்கரை திரும்பி வருகிற மாதிரி அது கீழே இறங்கி வராது. மண்ணுக்குள் புதைந்திருக்கிற காயிலிருந்து எந்த நீரும் ஆவியாகப் போவதில்லை. ஆகவே வேர் எவ்வளவு கால்சியம் எடுத்தாலும் அது இலையைப் பார்த்துத்தான் போகுமே தவிர காயைப் பார்த்து வராது. செடி தளதளவென்று இருக்கும்போதே காய் பொக்காகப் போவதன் ரகசியம் இவ்வளவுதான். கால்சியம் குறைந்தால் வித்து பாதியில் கருகிவிடும். அப்படியே பருப்பு பிடித்தாலும் இரண்டாகப் பிளந்து பார்த்தால் நடுவில் இருக்கிற முளைக்குருத்து கறுத்திருக்கும். அதை விதைக்கு வைத்துப் பிரயோஜனமில்லை.

அதற்குத்தான் ஜிப்சம். கால்சியம் சல்பேட். சுண்ணாம்பைவிடச் சீக்கிரம் கரையும், மண்ணின் கார அமிலத் தன்மையைப் பெரிதாக மாற்றாது, கந்தகமும் கூடவே கிடைக்கும். வயலில் ஹெக்டேருக்கு 400 கிலோ என்பது ஒரு வழக்கமான கணக்கு. வீட்டுப் பாத்திக்கு அதையே வகுத்தால் சதுர மீட்டருக்கு 40 கிராம். இரண்டு மேசைக்கரண்டிக்குக் கொஞ்சம் கூட வரும். பூப்பிடித்து விழுது இறங்கத் தொடங்குகிற நேரத்தில், செடியின் அடித்தண்டில் கொட்டாமல், அதைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குத் தூவி, மேல் மண்ணோடு லேசாகக் கலந்து, மண்ணை அணைத்து, தண்ணீர் விட வேண்டும். காய் இருக்கப் போவது மேலே இரண்டு மூன்று அங்குலத்துக்குள்தான். ஜிப்சமும் அங்கேதான் இருக்க வேண்டும். ஒரு அடி ஆழத்தில் புதைத்துவைத்தால் யாருக்கு லாபம்?

முட்டை ஓடு போதாதா என்று எல்லோரும் கேட்பார்கள். முட்டை ஓட்டில் இருப்பதும் கால்சியம்தான், ஆனால் கார்பனேட். அமிலம் இல்லாத மண்ணில் அது கரைந்து வருவதற்குள் இந்தச் செடியின் ஆயுளே முடிந்துவிடும். மாவாகப் பொடித்து விதைப்பதற்குப் பல மாதம் முன்பே கலந்துவைத்தால் ஏதோ கொஞ்சம் பிரயோஜனம் உண்டு. விழுது இறங்குகிற அன்றைக்குக் கையால் நொறுக்கிப் போடுவது மனத்திருப்திக்கு. சாம்பலும் அப்படித்தான், அதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சாம்பலில் பொட்டாசியம் அதிகம். காய் பிடிக்கிற மண்ணில் பொட்டாசியமும் மெக்னீசியமும் மிஞ்சினால் காய் கால்சியம் எடுப்பதற்கு அவை போட்டிக்கு வந்துவிடும். சாம்பல் போட ஆசையாக இருந்தால் விதைப்பதற்கு வெகு முன்னாலேயே ஆழக் கலந்துவிடுங்கள்.

எந்த ரகம் என்பதும் இதில் சேர்த்தி. பெரிய பருப்பு ரகங்களுக்கு, வர்ஜீனியா வகை என்பார்களே, அவற்றுக்குக் கால்சியம் கூடுதலாக வேண்டும். சின்னப் பருப்பு, கொத்து ரகமான ஸ்பானிஷ் வகை குறைந்ததிலேயே சமாளித்துக்கொள்ளும். அதிலும் கொத்து ரகம் செடியைச் சுற்றிக் கைக்கடக்கமாகக் காய்க்கும், 100 முதல் 110 நாளுக்குள் முடிந்துவிடும். கொடி ரகம் படர்ந்துகொண்டே போகும், 130 நாளுக்கு மேல் பிடிக்கும், படர்கிற இடமெல்லாம் விழுது விடும். தொட்டியில் வளர்க்கிறவர்கள் கொடி ரகத்தை வாங்கினால் விளிம்புக்கு வெளியே தொங்கி, தரையைத் தேடித் தேடிக் காய்ந்துபோகிற விழுதுகளைப் பார்த்துப் பெருமூச்சு விட வேண்டியதுதான். என் ஓட்டு கொத்து ரகத்துக்கு.

தொட்டி என்றதும் எல்லோரும் ஆழத்தைக் கேட்கிறார்கள். வேருக்கு ஒரு அடி போதும், அதற்கு மேல் இருந்தால் நல்லது, தரையில் அது பாட்டுக்கு இன்னும் வெகு ஆழம் போகும். கடலைக்கு நான் பார்ப்பது அகலத்தை. ஒடுங்கிய வாயுள்ள உயரமான தொட்டியைவிட அகலமான, கட்டையான குரோ பேக் (செடி வளர்க்கும் பை) எவ்வளவோ மேல். ஏனென்றால் விழுது விழுவதற்கு இடம் வேண்டும். ஒரு செடிக்குச் சுற்றிலும் ஒரு சாண் மண்ணாவது மேற்பரப்பில் இருக்கட்டும். பாத்தியில் என்றால் வரிசைக்கு வரிசை ஒரு அடி, செடிக்குச் செடி நாலு அங்குலம் என்பது கொத்து ரகத்துக்குச் சரியான கணக்கு. இடமிருந்தால் நான் இதைவிடத் தாராளமாகவே விடுவேன். ஒற்றைச் செடி சாவகாசமாகக் காய்ப்பதைப் பார்க்கப் பிடிக்கும்.

மண் பொலபொலவென்று இருக்க வேண்டும். மணல் கலந்த செம்மண் அமைந்தால் அதிர்ஷ்டம். களிமண்ணிலும் செடி வரும், அதில் சந்தேகமில்லை. விழுது இறங்குவதும் கடைசியில் காயைப் பிடுங்குவதும்தான் பிரச்சினை. கெட்டியான மண்ணில் செடி கையோடு வரும், காய் மண்ணோடு நின்றுவிடும். மணலும் நன்றாக மக்கிய தொழு உரமும் கலந்து இளக்கிக்கொள்ளுங்கள். மக்காத சாணி வேண்டாம். தழைச்சத்து (நைட்ரஜன்) உரத்தை அள்ளிக் கொட்டவும் வேண்டாம், இலைக்காடாகப் போகும். கடலைக்கு வேண்டிய தழைச்சத்தின் பெரும் பங்கை வேர் முடிச்சுகளில் குடியிருக்கிற ரைசோபியம் பாக்டீரியாக்கள் காற்றிலிருந்தே எடுத்துத் தந்துவிடும். ஒரு செடியை மெதுவாகத் தோண்டி எடுத்து, வேரில் ஒட்டியிருக்கும் கடுகளவு உருண்டை ஒன்றை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் நடக்கவில்லை. அந்தச் சிவப்பு நம் ரத்தச் சிவப்புக்கு ஒன்றுவிட்ட உறவு. லெக்ஹீமோகுளோபின் என்று பெயர். கடலையோ பயறோ இதுவரை கண்டிராத புது மண் என்றால் கடலைக்கென்று விற்கிற ரைசோபியம் பொடியை விதையில் புரட்டிப் போடுவது நல்லது.

விதை பற்றிச் சொல்ல அதிகமில்லை. வறுத்தது முளைக்காது. தோல் உரிந்தது, பிளந்தது, சொத்தையானது எல்லாம் தள்ளுபடி. ஓட்டோடு வைத்திருந்ததை விதைக்கிற அன்றோ முந்தின நாளோ உடைத்து, சிவப்புத் தோல் கிழியாமல் எடுத்து, ஒன்றரை அல்லது இரண்டு அங்குல ஆழத்தில் போட வேண்டும். மண் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். 18 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் விதை முளைக்க யோசிக்கும், யோசிக்கிற நேரத்தில் அழுகிவிடும். குளிர்ப் பிரதேசத்தில் இருக்கிறவர்கள் வீட்டுக்குள் நாற்றாக விட்டு, உறைபனி முடிந்ததும் மண்கட்டி உடையாமல் வெளியே நடுகிறார்கள். முளைக்கிற வரைக்கும் எறும்பு, எலி, அணில், காகம் என்று விருந்தாளிகள் வரிசை கட்டி நிற்பார்கள். மேலே ஒரு வலையை விரித்துவைத்தால் முக்கால்வாசிப் பேரைத் தடுக்கலாம். அணிலை மட்டும் எதுவும் தடுக்காது.

முளைத்து, நாலு நாலு சிற்றிலையாக விட்டு வளர ஆரம்பித்ததும் சாயங்காலத்தில் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்கச் சொல்வேன். இருட்ட இருட்ட எதிரெதிர் இலைகள் ஒன்றையொன்று ஒட்டி மடிந்துகொள்ளும். காலையில் மறுபடி விரியும். கடும் வெயிலில் தண்ணீர் பற்றாமல் போனாலும் இலையை மடக்கும், இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ராத்திரி இலை மடிந்திருப்பதைப் பார்த்துவிட்டுத் தண்ணீர்க் குடத்தோடு வந்த அப்பாவிடம், "தாத்தா, அது தூங்குது, எழுப்பாதீங்க" என்று பேரன் சொன்னதிலிருந்து அவர் சாயங்காலம் தண்ணீர் விடுவதில்லை.

அப்பாவோடு எனக்கு இருக்கிற தகராறு வேறு. அவருக்குக் களைக்கொத்து கையில் இருந்தால்தான் தோட்டத்தில் நிற்பது மாதிரி இருக்கும். பூப்பதற்கு முன்னால் அது வரம்தான். ஒருமுறைக்கு இருமுறை களை கொத்தி மண்ணை இளக்கிவிட்டால் விழுதுக்கு மெத்தை போட்ட மாதிரி. பூ வந்த கையோடு ஜிப்சம் தூவி, சுற்றுமண்ணை அடித்தண்டுப் பக்கமாக அணைத்துவிடுவதும் அவர் கையால் நடந்தால் என்னைவிட நேர்த்தியாக இருக்கும். அதன் பிறகு செடிக்குப் பக்கத்தில் இரும்பு போகவே கூடாது. இறங்குகிற விழுதைக் கொத்து தட்டிவிட்டால் அந்த விழுது மறுபடி இன்னொரு முறை முயற்சி செய்யாது, அந்தக் காய் போனது போனதுதான்.

"ரெண்டே ரெண்டு கோரைம்மா, ஓரமாத்தான் கொத்துறேன்."

"வேண்டாம்ப்பா. கையால இழுத்துக்கலாம்."

"வேர் நிக்குமே?"

"நிக்கட்டும்ப்பா, இப்ப நின்னா பரவாயில்ல."

விழுது இறங்கத் தொடங்கியதும் களைக்கொத்தை நான் ஒளித்துவைத்துவிடுவது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். எங்கே என்று மட்டும் இதுவரை தெரியவில்லை.

மண் அணைக்கும்போது ஒரு கவனம் வேண்டும். கிளைகள் மண்ணுக்கு வெகு உயரத்தில் இருந்தால் விழுது பாதி வழியிலேயே காய்ந்துவிடும். ஒரு சாணுக்கு மேல் இறங்க வேண்டியிருந்தால் அந்த விழுதை மறந்துவிடலாம். அதனால் மண்ணை உயர்த்திக் கொடுக்கிறோம். அதற்காகத் தண்டையும் கணுவையும் மூடிப் புதைத்துவிடக் கூடாது. புதைத்தால் அடிப்பூக்கள் வீணாகும், தண்டழுகலும் வரும். மூடாக்குப் போடுகிறவர்கள் வைக்கோலையோ சருகையோ மெல்லிசாகத் தூவினால் போதும், விழுது இடுக்கில் புகுந்து போய்விடும். கட்டியாகப் போட்டால் விழுது மூடாக்கிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். ஒன்று சொல்லிவிடுகிறேன், பூக்கிற பூவெல்லாம் காயாகாது. பாதிகூட ஆகாது. கடைசி வாரங்களில் வருகிற பூவெல்லாம் கணக்கிலேயே இல்லை, அதன் காய் முற்றுவதற்கு நேரமே கிடைக்காது.

தண்ணீர் விஷயத்தில் கடலை பொறுமைசாலி, இரண்டு தருணங்களைத் தவிர. ஒன்று பூத்து விழுது இறங்கும் நேரம். மேல் மண் காய்ந்து ஓடு கட்டியிருந்தால் விழுது உள்ளே நுழையாது. அதோடு, காய் கால்சியத்தை எடுக்க மண்ணில் ஈரம் இருந்தால்தான் முடியும். ஜிப்சம் போட்டும் பொக்கு வந்தது என்று சொல்கிறவர்கள் அந்தச் சமயத்தில் மேல் மண்ணை எப்படி வைத்திருந்தார்கள் என்று யோசித்துப் பார்க்கலாம். இரண்டாவது காய் பருக்கும் நேரம். இந்த இரண்டையும் விட்டால், நீர் தேங்குவதுதான் மண் காய்வதைவிட மோசம்.

பூச்சி, நோய் பற்றி நீட்டி முழக்கப் போவதில்லை. இலையில் மஞ்சள் வளையத்தோடு பழுப்புப் புள்ளி வந்தால் டிக்கா இலைப்புள்ளி. இலைக்கு அடியில் செம்பொடி தட்டினால் துரு. கம்பளிப்புழுவைக் கையால் பொறுக்கலாம். இலையை மடித்து உள்ளே இருந்து சுரண்டுவது சுருள்பூச்சி. பத்துச் செடி, இருபது செடி என்கிற அளவில் கண்ணும் கையும் போதும். அடுத்த முறை அதே இடத்தில் கடலை போடாமல் சோளமோ வேறு எதுவோ போட்டுப் பயிரை மாற்றி மாற்றி வைத்தால் இந்த நோய்களில் பாதி தானே குறையும்.

பிடுங்குவதற்கு நாள் பார்ப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த வேலை. செடி மஞ்சளடிப்பதை மட்டும் நம்பிப் பிடுங்கக் கூடாது, நோயால்கூட மஞ்சளடிக்கும். ஓரமாக ஒரு செடியைக் கையால் தோண்டிச் சில காய்களை உடைத்து ஓட்டின் உள்பக்கத்தைப் பார்க்க வேண்டும். இளங்காய் என்றால் உள்பக்கம் வெள்ளைவெளேரென்று பஞ்சு மாதிரி ஈரமாக இருக்கும், பருப்பின் தோல் வெளிறியிருக்கும். முற்றிய காயில் அந்த வெள்ளை காய்ந்து காகிதமாகி, பழுப்பும் கறுப்புமாகக் கறை பிடித்திருக்கும். ஓட்டின் வெளித்தோலைக் கத்தி முனையால் லேசாகச் சுரண்டிப் பார்ப்பது இன்னொரு வழி. முற்ற முற்ற அடித்தோல் வெள்ளையிலிருந்து மஞ்சள், ஆரஞ்சு, பழுப்பு, கறுப்பு என்று மாறிக்கொண்டே போகும். ஒரே செடியில் இந்த ஐந்து நிறமும் ஒரே சமயத்தில் இருக்கும், ஏனென்றால் பூ ஒரே நாளில் பூக்கவில்லை. முக்கால்வாசிக் காய் பழுப்பையோ கறுப்பையோ எட்டியிருந்தால் பிடுங்கிவிடுவேன்.

இன்னும் கொஞ்சம் விட்டால் மிச்சமும் முற்றுமே என்று ஆசை வரும். கொத்து ரகத்தில் அந்த ஆசைக்கு இடம் கொடுத்தால் முதலில் முற்றியது மண்ணுக்குள்ளேயே முளைக்க ஆரம்பித்துவிடும். அந்த விதைகளுக்கு உறக்கக் காலம் கிடையாது, மழை ஒன்று பெய்தால் போதும். வர்ஜீனியா வகைக்கு உறக்கம் உண்டு, அது பொறுத்திருக்கும். ஆனால் எந்த ரகமானாலும் காலம் கடந்தால் விழுது நைந்துபோகும். இழுக்கும்போது செடி வரும், காய் வராது.

மண்ணை நன்றாக நனைத்து, மறுநாள் ஈரம் பதமானதும், செடியைச் சுற்றி முள்கரண்டியால் இளக்கிவிட்டு அடியோடு பிடித்து மெதுவாகத் தூக்க வேண்டும். மண் உதிர்கிற சத்தமும், பிறகு ஒவ்வொரு கணுவிலிருந்தும் தொங்குகிற காய்களும் வெளியே வரும்போது பார்க்க வேண்டும். முதல்முறை பார்க்கிறவர்கள் வேரில்தான் காய்த்திருக்கிறது என்று சாதிப்பார்கள். விழுதை நகத்தால் பிடித்து மேலே தொடர்ந்து போனால் அது இலைக்கணுவில் போய் முடியும். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பையன் இதைச் செய்துகாட்டாமல் விடுவதில்லை.

மண்ணுக்குள் காய்க்கிற இந்தப் பழக்கம் வேர்க்கடலைக்கு மட்டும் உரியதில்லை. அதன் காட்டு உறவுகள் எண்பதுக்கும் குறையாத இனங்கள் தென் அமெரிக்காவில் இருக்கின்றன, எல்லாமே இப்படித்தான். அவற்றில் இரண்டு இனங்கள் பொலிவியா, வடக்கு அர்ஜெண்டினா பக்கம் எப்போதோ கலந்து பிறந்ததுதான் நம் கடலை. பெரு நாட்டில் சிபான் என்கிற இடத்தில் 1987-ல் தோண்டி எடுத்த, மோச்சே என்கிற பழங்கால மக்களின் அரசன் ஒருவனின் கல்லறையில் கழுத்தணி ஒன்று கிடைத்தது. பத்துத் தங்கக் கடலை, பத்து வெள்ளிக் கடலை. அதன் படத்தை இணையத்தில் தேடிப் பெரிதாக்கிப் பாருங்கள், ஓட்டின் வரிகளைக்கூட அந்தப் பொற்கொல்லன் விடவில்லை. நிச்சயமாகக் காயைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டேதான் செய்திருப்பான்.

பச்சையாக அவிக்க எடுத்தது போக மீதியை உலர்த்துவதில் சோம்பல் கூடாது. இது ஒன்றில் மட்டும் நான் கறாராக இருப்பேன். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் செத்தன. துருவிப் பார்த்ததில், பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்குத் தீவனத்தில் பூசணம் பிடித்திருந்தது தெரியவந்தது. அந்தப் பூசணம் சுரந்த நஞ்சுக்குத்தான் பிறகு அஃப்ளடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். கல்லீரலைக் கெடுக்கிற நஞ்சு. வறுத்தாலும் அவித்தாலும் முழுதாகப் போகாது. கடைசி வாரங்களில் செடி காய்ந்து வாடினாலும், காயில் கொத்துப் பட்டோ பூச்சி துளைத்தோ ஓடு உடைந்திருந்தாலும், பிடுங்கிய பிறகு ஈரத்தோடு குவித்துவைத்தாலும் அந்தப் பூசணத்துக்குக் கொண்டாட்டம்.

எனவே பிடுங்கிய செடியை உதறி, காய் மேலே இருக்கும்படி கவிழ்த்து இரண்டு மூன்று நாள் காற்றோட்டமாகப் போட்டுவைப்பேன். பிறகு காயைப் பறித்து, உடைந்தது, முளைவிட்டது, நிறம் மாறியது எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, மீதியை ஒற்றைப் பரப்பாக விரித்து, தினமும் கிளறிவிட்டு உலர்த்துவேன். காதருகே வைத்து ஆட்டினால் பருப்பு கலகலக்க வேண்டும். உடைத்துப் பருப்பை விரலால் நசுக்கினால் வளையாமல் பட்டென்று பிளக்க வேண்டும். அந்தப் பதம் வருவதற்கு முன்னால் பையில் கட்டிவைக்கிற பேச்சே கிடையாது. கட்டிவைத்த பிறகும் கசப்போ பூசண வாடையோ அடித்தால் தயவுசெய்து ருசி பார்க்காமல் எறிந்துவிடுங்கள், கோழிக்கும் போடாதீர்கள்.

விதைக்கென்று நல்ல காய்ப்புள்ள இரண்டு மூன்று செடிகளின் காயைத் தனியாக எடுத்து, நேர் வெயிலில் வாட்டாமல் நிழலில் உலர்த்தி, ஓட்டோடு துணிப்பையில் தொங்கவிடுகிறேன். ஓடு உடைத்த பருப்பில் எண்ணெய் பாதிக்குப் பாதி இருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடை வந்து முளைப்பும் குறைந்துவிடும். செடியின் தழை மக்குக் குழிக்கு, நோயில்லாமல் இருந்தால். வேரை மட்டும் வெட்டி மண்ணிலேயே விட்டுவிடலாம் என்று நான். கிளறினால்தான் அடுத்த போகத்துக்கு மண் தயாராகும் என்று அப்பா. இப்போது காய் ஒன்றும் மண்ணில் இல்லை என்பதால் களைக்கொத்தை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.